கடைசி வரைக்கும் கேட்டியா?

செவ்வாய்க்கிழமை காலை ஸ்கூடாய் ஊரில் ஒரு மாணவர் விடுதியில் ஏணிமேல் நின்று ஏர்கான் கழுவிக்கொண்டிருந்தேன். பையில் போன் அதிர்ந்தது. ஸ்டெல்லா அக்காவின் எண்ணிலிருந்து எங்கள் பாட்டுக் குழுவுக்கு ஒரு செய்தி. அக்கா வெள்ளிக்கிழமை தவிர வேறு நாளில் எதுவும் போடமாட்டாரே என்று நினைத்தபடி திறந்தேன். "நான் அவங்க தம்பி பிரான்சிஸ். அக்கா இன்னிக்குக் காலையில சிங்கப்பூர் பஸ்ஸுக்கு வரிசையில நிக்கும்போது விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரியில இறந்துட்டாங்க. இருதயம்னு சொல்றாங்க." ஏணியிலிருந்து இறங்கத் தோன்றவில்லை. அந்த ஏர்கானைக் கழுவி முடித்தேன். அடுத்ததையும் கழுவினேன்.

குழுவில் இருக்கும் எங்கள் பதினோரு பேருக்கும் அவரைத் தெரியும். ஆனால் அடக்கத்தன்று தம்போயில் தேவாலயத்தில் நின்ற உறவினர்களுக்கு நாங்கள் யார் என்று தெரியவில்லை. "நீங்கள்லாம் எந்த வழியில சொந்தம்?" என்று ஒரு பெரியம்மா கேட்டார். லாயாங் லாயாங் ஊரிலிருந்து வந்திருந்த குணா, "பாட்டு வழியில, ஆன்ட்டி" என்றான். அவர் தேவாலயப் பாடகர் குழு என்று எடுத்துக்கொண்டார். நாங்கள் திருத்தவில்லை. அவருக்காகவும் இதை எழுதுகிறேன்.

சோல், ஹிப் ஹாப் இசைத்தட்டுகளைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் நாங்கள். வாரம் முழுக்க யார் எந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்களோ அதை வெள்ளிக்கிழமை குழுவில் போடவேண்டும். சட்டம் போட்டது அக்கா. லிங்க் அனுப்பக் கூடாது. வீட்டில் தட்டை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முன்னால் போனைப் பிடித்துப் பதிவு செய்யவேண்டும். "லிங்க் அனுப்பறது வீட்டு விலாசத்தைக் குடுக்கற மாதிரி. நான் வீட்டுக்குள்ளயே கூப்பிடறேன்" என்பார். அவர் பதிவுகளில் குக்கர் விசிலடிக்கும், பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள் உறுமும். பாட்டு முடிந்ததும் போட்டவர் ஏதாவது ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கேட்டவர்கள் அந்த வார்த்தையைப் பதிலாக எழுதவேண்டும். எழுதாதவன் அந்த வாரம் தன் பாட்டைப் போட முடியாது. "கடைசி வரைக்கும் கேட்டியா இல்லையா, எனக்கு எப்படித் தெரியும்?" என்பதுதான் காரணம். கத்திரிக்காய், துடைப்பம், மாமியார் என்று நாங்கள் எழுதிய பதில்களை வெளியாள் பார்த்தால் பைத்தியங்கள் என்றுதான் நினைப்பார்.

ஒருமுறை ஒரே பாட்டை இரண்டு வாரம் தொடர்ந்து போட்டார். ஆழ்ந்த ஆண்குரல், நடக்கக்கூடத் தெம்பில்லாதவன் பாடுவதுபோல. எனக்குச் சந்தேகம் வந்து கூப்பிட்டேன்.

"அக்கா, அது சின்னத் தட்டுதானே? பெரிய தட்டோட ஸ்பீட்ல மெதுவா ஓடுது. பாடறது பொம்பளை."

"அலமாக்! பொம்பளையா? டேய் சரவணா, ரெண்டு வாரமா இந்த ஆளுக்காக அழுதுட்டிருக்கேன்டா!"

அன்றே சரியான வேகத்தில் பதிவு செய்து அனுப்பினார். துள்ளலான காதல் பாட்டு. கடைசியில் அவர் குரல்: "இவ நல்லாத்தான் இருக்கா லா. பழைய ஆளே பரவாயில்ல. வார்த்தை: துரோகம்."

நான் போடுவதெல்லாம் ஹிப் ஹாப். வீட்டைக் காலி செய்யச் சொன்னவர்களை ஒருவன் நாலு நிமிடம் திட்டித் தீர்க்கும் பாட்டு ஒன்றைப் போட்டேன். குழுவில் சிலர் முகம் சுளித்தார்கள். அக்கா எழுதினார்: "கெட்ட வார்த்தை பதினாலு எண்ணினேன். எல்லாமே சரியான இடத்துல இருக்கு."

இதெல்லாம் நம்ம பாட்டா என்று சொந்தக்காரர்கள் அவரைக் கேட்பார்களாம். "இருபது வருஷமா ஃபேக்டரில மெஷின் பக்கத்துல நிக்கறேன். நின்னு நின்னு காலு வீங்குனவளுக்கு இதுவும் நம்ம பாட்டுதான்" என்பாராம். எம்.சி. என்கிற மருத்துவ விடுப்பு எடுத்தால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது என்று காய்ச்சலோடு பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர் அவர். காலை இருட்டில் இங்கிருந்து எத்தனை பேர் அப்படிப் போகிறார்கள் என்று பஸ் நிலையத்தில் போய்ப் பாருங்கள். உடம்பு சரியில்லை என்று சொல்வதற்கே பயப்படவேண்டிய வேலையை உழைப்பு என்று புகழ்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தேவாலயத்திலும் ஒருவர் புகழ்ந்தார். குணா என் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தான்.

ஆனால் நான் திட்டவேண்டிய ஆள் இன்னொருவனும் இருக்கிறான்.

அக்கா இறப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை அவர் போட்ட பாட்டு ஆறு நிமிடம். எனக்கு அன்று ஐந்து வீட்டில் வேலை. என் பாட்டைப் போடும் அவசரம் வேறு. மற்றவர்கள் கீழே எழுதியிருந்த பதிலைப் பார்த்தேன். 'இடது கை' என்று இருந்தது, கூடவே சிரிக்கும் முகங்கள். நானும் 'இடது கை' என்று எழுதி ஒரு சிரிப்பு முகம் போட்டேன். அக்கா எனக்குக் கட்டைவிரல் காட்டினார். எங்கள் குழுவில் ஒருவன் செய்யக்கூடாதது அது ஒன்றுதான்.

அடக்கம் முடிந்த மறுநாள் மத்தியானம் அதைக் கேட்டேன். மெல்லிய பியானோ, பின்னால் பெண்கள் சேர்ந்து பாடுகிறார்கள். மூன்றாவது நிமிடத்தில் போன் கை மாறும் சத்தம். பாட்டு முடிந்து ஊசி வெறுந்தட்டில் சுற்றுகிறது. பிறகு அவர் குரல்: "வார்த்தை: இடது கை. ரெண்டு நாளா மரத்துப் போகுது லா. இப்ப போனைக்கூடப் பிடிக்கமாட்டேங்குது." அவரே சிரிக்கிறார்.

அந்தக் கைக்கும் அவர் விழுந்ததற்கும் சம்பந்தம் உண்டென்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் சொல்லமாட்டேன். மற்றவர்கள் கேட்டார்கள், போன் பிடித்த வலி என்று நினைத்துச் சிரித்தார்கள். அவர்கள்மேல் குறையில்லை. நான் கேட்கவே இல்லை. அவர் வலியை எழுத்துப் பிசகாமல் திருப்பி எழுதிவிட்டு, என் பாட்டைப் போட்டுவிட்டுப் போனேன்.

அவருடைய தட்டுகள் பிரான்சிஸிடம் பத்திரமாக இருக்கின்றன. என்னிடம் இருப்பது அவருடைய சட்டம். இந்த வெள்ளிக்கிழமை குணா ஒரு பாட்டுப் போட்டான். கடைசி வரைக்கும் கேட்டேன். அவன் சொன்ன வார்த்தை, 'தூக்கம்'. பதில் எழுதவில்லை. அவனைக் கூப்பிட்டேன்.

"ஏன்டா, தூங்கலையா?"

"டேய், சும்மா ஒரு வார்த்தைக்குச் சொன்னதுடா."

நான் போனை வைக்கவில்லை. அவன் பக்கம் தட்டு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு, "ஆமாடா" என்றான். "அக்கா போனதுல இருந்து."