சுமைதாங்கிக்கு வேலி

சங்கிலியம்மாளுக்கு மூக்கின் மேல் கோபம் என்று ஊத்துப்பட்டியில் சொல்வார்கள். சொல்கிறவர்கள் ஒருநாள் அவளோடு மலைக்குப் போய், விறகை வெட்டிக் கட்டி, மூன்று மைல் தலையில் சுமந்து வந்து பார்த்திருக்க வேண்டும். வழியில் கைகொடுக்க ஆளில்லாமல் விறகுக்கட்டை இறக்கவும் முடியாது, ஏற்றவும் முடியாது. அதற்காகத்தான் ஊர் எல்லையில் சுமைதாங்கி நின்றது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒன்றைப் படுக்கப் போட்டது. தலையிலிருந்து கட்டை அதன்மேல் அப்படியே நகர்த்திவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி தலையைக் கொடுத்துக் கிளம்பிவிடலாம்.

அது அவளுடைய அக்காள் கல். முத்துப்பேச்சி வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனாள். சுமையை இறக்காமலே போன மகளுக்காக அப்பன் நட்டது. யார் வந்து கட்டை இறக்கினாலும் அவளுக்குக் கொஞ்சம் பாரம் குறையும் என்று நம்பிக்கை. இறக்கும்போதெல்லாம் சங்கிலியம்மாள், "வச்சிட்டேன்க்கா" என்பாள். இருபத்தைந்து வருஷமாகச் சொல்லிவருகிறாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறில் பஸ் விடுவதற்காக ரோட்டை அகலப்படுத்த ஓவர்சியர் வந்தார். நல்ல மனுஷர்தான். "பழைய சின்னம் எதுவும் இருந்தா சொல்லுங்க, இடிக்காம விட்டுர்றோம். ஊர் அபிப்பிராயம் வேணும்" என்றார். கேட்டாரே ஒரு கேள்வி! ஊரே சாவடியில் கூடிவிட்டது. ஒருத்தர் தன் மாட்டுக்கொட்டம்தான் பழசு என்றார். இன்னொருத்தர், தன் புளியமரத்தில் பாண்டிய ராசா குதிரை கட்டினார் என்றார். எல்லாவற்றையும்விடப் பழசு தன் மாமியார்தான் என்றார் சுருளியாண்டி. இந்த லட்சணத்தில் உச்சிப்பொழுது தாண்டிவிட்டது. கடைசியில் பஞ்சாயத்து பிரசிடெண்டு சீனிச்சாமி எழுந்து, எல்லைச் சுமைதாங்கி ஐந்நூறு வருஷத்துக் கல்லு, ராசா நட்டது என்று அடித்துவிட்டார். அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள்.

சங்கிலியம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எந்த ராசா வந்தாக? எங்கப்பன் நட்ட கல்லு. நீங்கதான பெரியய்யா ஒரு கை குடுத்துத் தூக்கி வச்சீக?"

"ஏ ஆத்தா, சும்மா கெட. ராசான்னு சொன்னாத்தான் கல்லு தப்பும். ஒனக்கு நல்லதுதான செய்யுறேன்?"

அதுவும் நியாயந்தான் என்று வாயை மூடிக்கொண்டாள். கல் தப்பியது. அடுத்த வாரம் கட்டோடு வந்து பார்த்தால், கல்லைச் சுற்றி முள்வேலி! பக்கத்தில் ஒரு பலகை. 'புராதனச் சின்னம். தொடக்கூடாது' என்று எழுதியிருப்பதாக வழியில் போனவர் வாசித்துச் சொன்னார். ராசா கல்லில் விறகை வைப்பதாவது என்று சீனிச்சாமிதான் ஆள்விட்டு அடைத்தாராம். நல்லது செய்கிறேன் என்று கிளம்புகிறவர்களை என்னதான் செய்வது? அன்றைக்குக் கழுத்து ஒடிய வீடு வந்து சேர்ந்தாள். கழுத்து வலிகூடப் பெரிதில்லை. அக்காளிடம் சொல்ல ஒன்றுமில்லாமல் போனதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் கட்டோடு நேரே சீனிச்சாமி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"பெரியய்யா, வந்து எறக்குங்க."

முனகிக்கொண்டே இறக்கினார். இவள் மூச்சு வாங்கிக்கொண்டு, "இப்பத் தூக்கி விடுங்க" என்றாள். தூக்கிவிட்டு நிமிர்ந்தால் பின்னால், கூட விறகுக்குப் போகிற இருளம்மாள். அவளுக்குப் பின்னால் கட்டோடு இன்னும் நாலு பேர்.

"என்னடி கூத்து இது?"

"கல்லுதான் ராசாவுக்குப் போயிருச்சே. நாங்க யாரு மேல வைக்க?"

மூன்றாம் நாள் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. நாலாம் நாள் பெண்கள் மலையிலிருந்து இறங்கும் நேரத்துக்கு அவரே எல்லைக்கு வந்து, முள்ளைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"விறகு இம்புட்டுக் கனமா ஆத்தா?" என்றார்.

"எங்கக்கா சொமந்துக்கிட்டுப் போனது இதவிடக் கனம் பெரியய்யா."

அவர் கையிலிருந்த முள்ளை ஓரமாகப் போட்டார். எட்டி வந்து கட்டுக்கு ஒரு கை கொடுத்தார். கட்டு கல்லில் உட்கார்ந்தது.

"வச்சிட்டேன்க்கா" என்றாள் சங்கிலியம்மாள், ஊருக்கே கேட்கும்படி. பலகை மட்டும் இன்னும் நின்றுகொண்டிருந்தது. தலையிலிருந்த சும்மாட்டுத் துணியை அவிழ்த்து உதறி, அதன்மேல் காயப் போட்டாள்.