மிஷின் இழுத்ததா, என் கை இழுத்ததா

வில்சன் அண்ணன் என்னைப் பற்றி ஊரில் சொன்னது பொய். இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

போன வாரம் மகளின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நெய்யாற்றின்கரைக்குப் போனேன். ஒரு ஃபைலைத் திறக்கச் சொல்லிவிட்டுச் சாயா குடித்து வரலாம், அவ்வளவு மெதுவு. ரிப்பேர் கடைப் பெண் பார்த்துவிட்டு, "பாதுகாப்புக்கு அப்டேட் ஒண்ணு ஏறியிருக்கு சேச்சி. பழைய பிராசசராக்கும், அதையும் சொமந்துகிட்டு ஓடணும்லா. ஆஃப் பண்ணினா ஸ்பீடு கிட்டும். பொறவு வைரஸ் கேறிச்சுன்னு எனக்கிட்ட வந்து அழப்பிடாது," என்றாள். பிறகு மூடியைக் கழற்றித் தூசி ஊதினாள். அந்தச் சூட்டுத் தூசி வாசனை மூக்கில் ஏறியதும் பழைய கோபம் முழுக்க ஏறிவிட்டது.

தொண்ணூறுகளின் நடுவில், பாறசாலையில் வில்சன் அண்ணனின் டி.டி.பி. கடையில், கம்ப்யூட்டரில் கார்டும் நோட்டீசும் அடித்துக் கொடுக்கும் கடை, இதே வாசனைதான். ஒரே மிஷின், ஒரே ஆபரேட்டர், நான். கேரளா-தமிழ்நாடு எல்லைப்பக்கத்துக் கல்யாணக் கார்டு உங்களுக்குத் தெரியுமே, ஒரு பக்கம் மலையாளம், மறுபக்கம் தமிழ். நாள் முழுக்க இந்த ஃபைலுக்கும் அந்த ஃபைலுக்கும் போய்வந்துகொண்டிருப்பேன்.

பக்கத்துக் கடையில் வைரஸ் வந்ததாகக் கேட்டு, அண்ணன் எங்கள் மிஷினில் ஒரு காவல் புரோகிராமைப் போட்டார். ஆபரேட்டிங் சிஸ்டத்தோடு சும்மா வந்தது. எந்த ஃபைலைத் திறந்தாலும் முதலில் அது சோதிக்கும். களியக்காவிளை செக்போஸ்ட்டில் லாரி நிற்பதுபோல ஃபைல் நிற்கும். மலையாளத்துக்குப் போனால் ஒரு நிறுத்தம், தமிழுக்குத் திரும்பினால் இன்னொன்று. வேலை செய்வதும் சோதிப்பதும் அதே ஒரு பிராசசர். இதெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்றைக்கு முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"மிஷினு புதுசாக்கும் மக்கா. உனக்க கைதான் பதுக்கெ," என்பார் அண்ணன், கார்டு வாங்க வந்தவர்கள் எல்லாரும் கேட்க. பதுக்கெ என்றால் மெதுவு.

நானும் நம்பினேன். விரலுக்குத் தைலம் தேய்த்தேன். சில நாள் காலையில் மிஷின் சல்லென்று ஓடும். தைலம் பிடித்துவிட்டது என்று சந்தோஷப்படுவேன். மறுநாள் இழுக்கும். தைலத்தை மாற்றினேன்.

அப்படி ஓடிய ஒரு காலையில் மிஷினின் ஸ்டார்ட்டப் ஃபைலைத் திறந்து பார்த்தேன். காவலை எழுப்பும் வரிக்கு முன்னால் மூன்று எழுத்தைச் சேர்த்து யாரோ அதை முடக்கி வைத்திருந்தார்கள். அந்த மிஷினைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். அப்படி முடக்கலாம் என்றே தெரியாத நான் ஒருத்தி. நான் போன பிறகு கேம் விளையாட உட்காரும் அண்ணன் ஒருவர். கேம் வேகமாக ஓட அதை முடக்கிவிட்டு, சில நாள் திருப்பிப் போட மறந்திருப்பார்.

அப்புறம் ஒருநாள் பொழியூரிலிருந்து ஒருவர் தங்கை மகனின் கல்யாணக் கார்டுக்காக வந்தார். வாசகத்தை ஃப்ளாப்பியில் கொண்டுவந்திருந்தார். அதைச் சுற்றிய கவரில் கருவாட்டு மணம். மிஷின் இழுத்துக்கொண்டிருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள கிட்டுமா மோளே, இல்ல மொதக் கொழந்தைக்க ஞானஸ்நானத்துக்குத்தானா?" என்றார்.

அண்ணன் சிரித்தார். "அவளுக்க கைய வச்சுப் பாத்தா ஞானஸ்நானத்துக்கும் சந்தேகமாக்கும்."

எனக்கு ஆத்திரம். அதே மூன்று எழுத்தை நானும் சேர்த்து, மிஷினை அணைத்து மறுபடி போட்டேன். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது.

மறுநாள் மிஷின் எழும்பவில்லை. வைரஸ். எல்லாருடைய கார்டும் போயிற்று.

"காவல ஆரு ஆஃப் பண்ணினது?"

"நான்தான் அண்ணே." நீங்களும்தானே என்று அன்றைக்குக் கேட்காமல் விட்டேன்.

"இனி நீ வரண்டாம்."

அதற்குப் பிறகு எந்தக் கடையும் என்னை எடுக்கவில்லை. கை பதுக்கெ, மிஷினையும் கெடுப்பாள் என்று பேச்சு. வைரஸ் பொழியூர் ஃப்ளாப்பியில் வந்ததா, அண்ணனின் கேம் ஃப்ளாப்பியில் வந்து முன்பே கிடந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. காவல் இருந்தால் மெதுவு, இல்லாவிட்டால் நாசம், இரண்டுக்கும் நானே குற்றவாளி என்றால் நான் என்னதான் செய்திருக்க வேண்டும்? அதுவும் புரியவில்லை.

கடை இருந்த இடத்தில் இப்போது பேக்கரி. ஃப்ளாப்பி கிடையாது. கார்டுக்குப் பதில் போனில் படம் அனுப்புகிறார்கள். ஆபரேட்டர் என்ற என் பெயரும் போயிற்று. அண்ணன் மட்டும் இருக்கிறார். ஊருக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தவர் என்று வாசகசாலை ஆண்டுவிழாவில் அவருக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். நானும் வருவேன். மைக் கையில் இருக்கும்போதே சொல்லுங்கள் அண்ணே, ஊர் கேட்கட்டும்: நான் வீட்டுக்குப் போன பிறகு அந்த வரியை முடக்கியது யார்?