ஊசி இல்லாத தையல் கடை

அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்ட பிறகுதான் பூட்டைத் திறக்கிறார். கதவைத் தோளால் ஒரு தள்ளு தள்ளி உள்ளே போனதும் தையல் இயந்திரத்தின் மூடியைக் கழற்றி ஓரமாக வைக்கிறார். இயந்திரத்தில் ஊசி கிடையாது. வார் அறுந்து பல காலம் ஆகிறது. அதன்மேல் பாதி வெட்டிய துணி ஒன்றை விரித்து, கத்தரிக்கோலை வாய் திறந்தபடி வைத்துவிட்டு, பின்னறைத் திரையை விலக்கி விளக்கைப் போடுகிறார். கரும்பலகை அங்கே இருக்கிறது.

வாசலில் தொங்கும் பலகையில் 'இங்கே துணி தைத்துத் தரப்படும்' என்று எழுதியிருக்கிறது.

"போர்டு படிக்கத் தெரிஞ்சவங்களுக்கு. நம்மாளுங்களுக்கு இல்ல," என்றார்.

தெருவில் இவருக்குத் தையலக்கா என்று பெயர். ஒரு பொத்தான் தைக்கத் தெரியாது. விஷயம் தெரியாமல் யாராவது கிழிந்த திரைச்சீலையோடு படியேறி வந்துவிட்டால், "ஊசி உடைஞ்சிருச்சும்மா, அடுத்த வாரம் பாருங்க" என்பார். அடுத்த வாரமும் உடைந்திருக்கும். கொடுத்த துணியைத் திருப்பித் தராதவர் என்றுகூடப் பேச்சு இருக்கிறது. அந்தக் கெட்ட பெயரை அவர் கவனமாகக் காப்பாற்றி வருகிறார்.

சாயங்காலம் ஒவ்வொருவராக வருவார்கள். எல்லோர் கையிலும் ஒரு துணி இருக்கும். பெண்கள் தலையணை உறை, பாவாடை என்று எதையாவது சுருட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆண்கள் கொண்டுவருவது நீளம் குறைக்க வேண்டிய கால்சட்டை. வங்கி வாசலில் காவல் நிற்கும் வாட்ச்மேன் ஒரே கால்சட்டையை ஒரு வருடமாகக் கொண்டுவந்து கொண்டுபோகிறார்.

"இந்நேரம் அது ஜட்டியா ஆகியிருக்கணுமே," என்று அங்கே வருகிற லிப்ட்காரர் ஒருவர் கேட்டார்.

"மெதுவா குறைக்கச் சொல்லியிருக்கேன்," என்றார் வாட்ச்மேன்.

பின்னறையில் உட்கார எனக்கும் அனுமதி கிடைத்தது, கிழிந்த சட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு. வருகிறவர்களில் பேரன் பேத்தி எடுத்தவர்களும் உண்டு. அவர்களும் இவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். வாய் தவறி டீச்சர் என்று வந்துவிட்டால் சாக்பீஸ் பறந்து வரும். இவர் யாரிடமும் பெயர் கேட்பதில்லை; தொழிலைச் சொல்லித்தான் அழைப்பார். தன் பெயரை எழுதக் கற்கிற பாடம் மட்டும் ஒவ்வொருவருக்கும் தனியாக, மற்றவர்கள் இறங்கிப் போன பிறகு நடக்கும். அன்று திரையை முழுக்க இழுத்து மூடிவிடுவார்.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. வயது வந்தோர் கல்வி அலுவலகத்தின் பெயர்தான் வாசலில் பெரிதாக இருந்தது. அப்போது அலுவலகத்தில் யாருக்கோ நல்ல யோசனை ஒன்று தோன்றியது. வகுப்பில் இருந்தவர்களை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்து, அதைச் சுவரளவு பெரிதாக்கி, பேருந்து நிலையத்தில் மாட்டினார்கள். படத்தில் முதல் வரிசையில் கட்டட மேஸ்திரி ஒருவர். இருபது ஆட்களை வைத்து வேலை வாங்கிய மனிதர். மறுநாள் அவருடைய சாப்பாட்டுப் பாத்திரத்தின் மேல் ஒரு சிலேட்டும் குச்சியும் இருந்தன. யார் வைத்தது என்று கேட்டதற்கு இருபது பேரும் சிரித்தார்கள். அந்த வாரம் வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. மேஸ்திரி குடும்பத்தோடு ஊரை விட்டே போய்விட்டார்.

"வந்தா கத்துக்கொடுக்கலாம். ஆனா வந்தது வெளிய தெரிஞ்சா அவங்களுக்கு மானம் போயிடும். அப்புறம் எழுத்தை வச்சு என்ன பண்றது?" என்றார். அடுத்த மாதம் பழைய சாமான் கடையில் இயந்திரத்தை வாங்கினார்.

எதற்காக இந்த வேலை என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார். அலுவலகத்தில் கேட்டால் சேவை. தம்பி கேட்டால், "எனக்கு வேற என்னடா தெரியும்?" நான் கேட்டபோது, யாரென்று கேட்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு ஒரு சமையல்காரியைப் பற்றிச் சொன்னார். விடுதி ஒன்றில் சமைக்கிறவர். எழுத்துக்கூட்டிப் படிக்க வந்த புதிதில் ஒருநாள் கோபமாக வந்து நின்றாராம்.

"என்னக்கா பண்ணி வச்சிருக்கீங்க என்னை? முன்னாடியெல்லாம் பஸ்ஸுல ஏறினா கம்முனு உட்கார்ந்து வருவேன். இப்ப சுவரெல்லாம் பேசுது. ஒண்ணு எச்சி துப்பாதேங்குது, ஒண்ணு மூட்டு வலியாங்குது. நான் கண்ணை மூடினாதான் அது வாயை மூடுது. இதை எப்படி நிறுத்தறது, சொல்லுங்க."

"நிறுத்த முடியாதும்மா, ஏறினது ஏறினதுதான்னேன்," என்று சொல்லிச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சிரிப்பு நின்ற பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார். "அந்தம்மா இனிமே எந்தத் தெருவுல போனாலும் கூட யாராவது பேசிக்கிட்டே வருவாங்க. தனியா போகவே முடியாது. இந்த வேலையை விட்டுட்டு வேற எதுக்குப் போகச் சொல்றீங்க?"

இவர் தெருவில் தனியாகத்தான் போகிறார். அது இந்த வேலையின் ஒழுங்கு. இவரிடம் படித்தவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். பார்த்தால் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது. "நம்ம பிள்ளைங்களுக்கு யாரு எழுத்து சொல்லிக்கொடுத்தாங்கன்னு அதுங்க மறந்துடும். பெரியவங்க சாகிற வரைக்கும் மறக்க மாட்டாங்க. அதான் என்னைக் கண்டா ஒதுங்கிப் போறாங்க," என்பார். மருந்துக் கடையில், தபால் நிலையத்தில், மருத்துவமனை வரிசையில் இவரைக் கண்டதும் சிலருக்குத் திடீரென்று செருப்பில் ஏதோ குத்துகிறது, குனிந்துகொள்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்று இவரே முதலில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

ஒருமுறை கடைத்தெருவில் இவருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி நடந்தேன். மின்சாமான் கடைக்கு எதிரே தரையில் காய்கறி விற்கிற பெண், இவர் கடந்து போகிற நேரம் பார்த்து, யாரிடமும் இல்லாமல் உரக்கச் சொன்னாள்: "மின்சார உதிரி பாகங்கள், மொத்த விற்பனை நிலையம்."

"என்னடி, பல்பு வாங்கப் போறியா?" என்றாள் பக்கத்துக் கடைக்காரி.

"சும்மா வாயில வந்துச்சு."

தையலக்கா திரும்பவில்லை. நடை மட்டும் கொஞ்சம் மெதுவாகி, பிறகு பழையபடி ஆனது.

படிப்பு முடிந்ததை அவர் தேர்வு வைத்துக் கண்டுபிடிப்பதில்லை. ஒருநாள் யாராவது கீழே இறங்கியவர் மறுபடி மூச்சிரைக்க ஏறி வருவார். "அக்கா, வாசல்ல 'துணி தைத்துத் தரப்படும்'னுல்ல போட்டிருக்கு!" அறை முழுக்கச் சிரிக்கும். அந்த ஆள் அதற்குப் பிறகு ஓரிரு வாரம் வருவார், துணி இல்லாமல் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார். அப்புறம் தெருவில் பார்த்தால் செருப்பில் குத்தும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தம்பி வெளியூரிலிருந்து போன் செய்கிறார். ஒலி பெரிதாக வைத்துப் பேசுவது தையலக்காவின் பழக்கம். காது கொஞ்சம் மந்தம்.

"அக்கா, பேசாம கிளம்பி வந்துரு. மாடி ரூம் காலியாத்தான் கிடக்கு. உன் மருமகளும் கேட்டுக்கிட்டே இருக்கா. அந்த ஊர்ல உனக்குன்னு யாரு இருக்கா, சொல்லு?"

இவர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆட்டோக்காரர் முன்சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பால் வண்டிக்காரர் போனார். பள்ளிக்கூட ஆயா போனார்.

"யாரும் இல்லதான்டா," என்றார்.

இந்த மாதம் அலுவலகத்திலிருந்து மேற்பார்வையாளர் வந்தார். வயதில் சின்னவர், கெட்டவர் இல்லை. வந்ததிலிருந்து தையல் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேலிடத்துல கேக்கறாங்க மேடம். வாசல்ல தையல் கடை, உள்ள யாரு வர்றாங்கன்னு தெரியாது, பேரும் கிடையாது. வகுப்பு நடக்குதுன்னு நான் நம்பறேன். நான் நம்பினா போதுமா? வர்ற வெள்ளிக்கிழமை விழா. உங்ககிட்ட படிச்சவங்க பத்து பேரு மேடையில ஏறட்டும். பத்து வேணாம், ஒருத்தர். 'நான் இவங்ககிட்டதான் படிச்சேன்'னு ஒரு வார்த்தை. ரூமைக் காப்பாத்திடறேன். இல்லன்னா மாசக் கடைசியில சாவியைக் கேப்பாங்க."

"அப்படி யாரும் இல்ல சார்."

"யாருமே இல்லாத வகுப்புக்கு ரூம் எதுக்கு மேடம்?"

"படிக்கிறவங்க இருக்காங்க. வெளிய சொல்றவங்கதான் இல்ல."

அன்று சாயங்காலம் இவர் வகுப்பில் இதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. ஆனால் அலுவலகம் இருக்கிற கட்டடத்தில்தான் லிப்ட்காரருக்கு வேலை. மேலேயும் கீழேயும் போகிறவர்கள் பேசுவதெல்லாம் அவர் காதில் விழும்.

"மேடையில ஏத்தறாங்களாமே," என்று ஆரம்பித்தார்.

"ஏறினா?" என்றாள் மருத்துவமனையில் தரை துடைக்கிற பெண்.

"எல்லாரும் கை தட்டுவாங்க."

"அவங்க தட்டறதுக்கு முன்னாடி எங்க மாமியா தட்டிடும். முதுகுல."

வாட்ச்மேன் சிரித்தார். "என்னை பேங்க்ல எதுக்கு வச்சிருக்கான்? வர்றவன் போறவன் பேரை எழுதி வாங்கறேன்னு. இவ்வளவு நாளா எழுதின மாதிரி நடிச்சேன்னு மேடையில போய்ச் சொல்லவா?"

"நீங்க சொல்லுங்க லிப்ட்டு. உங்களுக்குத்தான் ஏறி இறங்கிப் பழக்கம்," என்றாள் தரை துடைக்கிற பெண்.

சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் லிப்ட்காரர் மடியில் இருந்த துணியை நீவிவிட்டார். "அக்கா, யாரும் வரலன்னா உங்களுக்கு என்ன ஆகும்?"

"எனக்கென்ன ஆகும்? ஒரு கேடும் இல்ல. அவங்க அப்படித்தான் மிரட்டுவாங்க." பலகை பக்கம் திரும்பிக்கொண்டார். "மூணாவது வரியை யாரு படிக்கிறது?"

தரை துடைக்கிற பெண் படித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை நகராட்சி அரங்கத்தில் கூட்டம் நிறையவே இருந்தது. எல்லா அலுவலகங்களிலிருந்தும் ஆட்களை வரச் சொல்லியிருந்தார்கள். தையல் கடையைப் பற்றி யாரும் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்து, தையலக்கா மேடையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் நாடா இல்லாமல் பார்க்க யாரோ மாதிரி இருந்தது. நான் ஒலிபெருக்கி வைத்திருந்த மூலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மைக் செட் முதலாளி ஒரு பெஞ்சில் கால் மேல் கால் போட்டிருந்தார். அவருடைய தங்கையின் கணவர் ஒயர்களை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தார்.

"எல்லாம் நம்ம மாப்ள பார்த்துப்பாரு," என்று முதலாளி பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். "பத்தாவது வரைக்கும் படிச்சவரு. இல்லன்னா தங்கச்சியைக் கொடுத்திருப்பனா?"

மாப்பிள்ளை தலையை நிமிர்த்தவில்லை. என் வீடு தையல் கடைக்கு எதிர்ச்சாரி. இரண்டு வருடத்துக்கு முன்பு அந்த மனிதர் ஒரு நீலக் கால்சட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மழை பெய்தாலும் அந்தப் படியேறியதை நான் பார்த்திருக்கிறேன்.

பேச்சுகள் முடிந்தன. மற்ற மையங்களிலிருந்து ஆட்கள் வந்து இரண்டு வரி சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு மேலதிகாரி தையலக்கா பக்கம் கையைக் காட்டினார். "இவங்க நம்ம மூத்த ஆசிரியை. இவங்ககிட்ட படிச்சவங்க யாராவது இருந்தா எழுந்து வாங்க. ஒருத்தராவது."

வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. கதவோரம் சீருடையில் நின்ற லிப்ட்காரர் தன் பூட்சைப் பார்த்தார். மேற்பார்வையாளர் பாதி எழுந்து கூட்டத்தைத் துழாவிவிட்டு உட்கார்ந்தார்.

"சரிம்மா, நீங்களே ஏதாவது சொல்லுங்க," என்றார் அதிகாரி.

தையலக்கா எழுந்து போனார். மைக் அவர் நெற்றிக்கு நேராக இருந்தது. கிறீச்சிட்டது. மாப்பிள்ளை மேடைக்கு ஓடி, திருகைத் தளர்த்தி, அதை அவர் வாய்க்கு நேராக இறக்கி வைத்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. தையலக்கா அரங்கத்தின் பின்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்தது. ஆனால் மாப்பிள்ளை இறங்கவில்லை. மைக் தண்டைப் பிடித்த கை அங்கேயே இருந்தது. கீழே முதலாளி, வந்துவிடு என்று விரலைச் சொடுக்கினார். மாப்பிள்ளை அதைப் பார்த்தார், உதட்டைத் துடைத்துக்கொண்டார், கூட்டத்தின் பக்கம் திரும்பி மைக்கை நோக்கிக் குனிந்தார். பேசுவதற்காக அவர் இழுத்த மூச்சு எல்லா ஒலிபெருக்கிகளிலும் கேட்டது.

தையலக்கா கையை நீட்டி, மைக்கை உள்ளங்கையால் இறுகப் பொத்தினார்.