வாசக்காலுக்குப் பொட்டு வைப்பது யார்?

போன வாரம் நெரவியில் ஒரு வாசக்கால் வைக்கும் விசேஷம். என்னோடு வேலை பார்க்கும் அமுதா கூப்பிட்டிருந்தாள். அவளும் செந்திலும் கல்யாணம் செய்துகொள்ளாமல் ஆறு வருடமாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். இருவருக்குமே முதல் கல்யாணம் முறிந்துபோய், 'பட்டது போதும்' என்று எடுத்த முடிவு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எனக்குள்ள குறையெல்லாம் அந்த வீட்டின் மேல்தான்!

கீழ்வீடு செந்திலின் பெயரில். இப்போது எழும்பும் மாடியோ... அமுதாவின் நகையில். வளையலும் ஆரமும் செங்கல்லாகவும் சிமென்ட்டாகவும் மாறிவிட்டன. பத்திரத்தில் உன் பெயர் உண்டா என்று கேட்கும்போதெல்லாம் சிரிப்பாள்.

"ஒங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்க்கா. ஒன்னது, என்னதுன்னு என்னா இருக்குன்னு அவரே சொல்லிட்டாரு."

கவனித்திருக்கிறீர்களா? இந்த வசனத்தை எப்போதும் யார் சொல்கிறார்கள்? பத்திரத்தில் பெயர் இருப்பவர்தான்!

சும்மா இருக்க முடியாமல் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் விசாரித்தேன். "சேந்து வாழ்ந்ததுக்கு ஆதாரம் இருந்தா, வீட்ட வுட்டு வெரட்டக் கூடாதுன்னு கோர்ட்டுல கேக்கலாம்ங்க. பங்குங்கறது வேற விஷயம். பணம் குடுத்ததுக்கு ஏதாச்சும் ஆதாரம் இருக்கா?" என்றார். அமுதா கொடுத்தது அத்தனையும் மேஸ்திரி கையில் ரொக்கமாக. வீட்டுக்குள்ளே ரசீது கேட்டால் அன்பு குறைந்துவிடுமே!

விசேஷத்துக்கு வருவோம். தேக்கு நிலையை நிமிர்த்திவிட்டு மேஸ்திரி குரல் கொடுத்தார். "வீட்டுக்காரம்மா வாங்க, மஞ்ச பூசி பொட்டு வைங்க."

அமுதா குங்குமத் தட்டோடு முன்னால் வந்தாள். போலகத்திலிருந்து வந்திருந்த செந்திலின் அக்கா சட்டென்று தட்டை வாங்கிக்கொண்டார்.

"இதெல்லாம் கழுத்துல தாலி உள்ளவங்க செய்யறது. தப்பா நெனச்சுக்காதம்மா."

எல்லோரும் செந்திலைப் பார்த்தோம். அவர் சாரக் கம்பைப் பார்த்தார்.

இத்தனை வருடம் 'செந்தில் வீட்டம்மா' என்று கூப்பிட்ட அதே சனம், வாசக்காலுக்கு வந்ததும் தாலியைத் தேடுகிறது. சடங்கு, சாங்கியம் என்கிறீர்களா? எனக்கென்னவோ, நாளைக்குச் சொல்லப்போவதை இன்றைக்கே ஒத்திகை பார்த்த மாதிரிதான் பட்டது.

அமுதா அழவில்லை. வந்தவர்களுக்குப் பொங்கலும் சுண்டலும் கொடுத்து அனுப்பினாள். கூட்டம் கலைந்ததும் செந்தில் மெதுவாக ஆரம்பித்தார் — தளம் போட அவளுடைய பி.எஃப். பணம் எப்போது வரும்?

"வந்துடுச்சுங்க. மாடிய மொதல்ல என் பேருக்கு எழுதுங்க. அப்பறம் தளம் போடலாம்."

செந்திலுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்னா அமுதா... எம்மேலயே சந்தேகமா?"

"இல்லீங்க. சந்தேகமெல்லாம் காலையிலயே தீந்துடுச்சு."

மாடி இன்னும் வானம் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது. நிற்கட்டும்!