ரங்கிப்போ பாலைவனத்தில் யாரும் உட்காரவில்லை

நியூசிலாந்தில் பாலைவனம் இருக்கிறது என்றால் ஊரில் உள்ள உறவினர்கள் நம்புவதில்லை. ருவாபெஹு எரிமலையின் கிழக்குச் சரிவில் ரங்கிப்போ என்று ஒன்று இருக்கிறது. மழை இல்லாத இடமல்ல. பெய்யும் மழையை அந்தச் சரளையும் மணலும் பிடித்து வைப்பதில்லை. முளைப்பதைக் காற்று விட்டு வைப்பதில்லை. ஏப்ரல் மாதத்தின் ஒரு வார இறுதியில் அங்கே நடந்துவிட்டு வந்தேன். எழுபத்திரண்டு வயதில் ஒரே ஒரு தடவை போனவன் வழி சொல்லலாமா என்ற தயக்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

என்னை அழைத்தது வேன் ஓட்ட. மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் பக்கத்து வீட்டு நிரோஜன், பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களைச் சேர்த்து நடைப்பயணம் போகிறவன். வாடகை வேனுக்கு வயதில் மூத்த ஓட்டுநர் தேவைப்பட்டார். "நீங்கள் வானை ஓடினாக் காணும் அங்கிள், நடக்கத் தேவையில்லை" என்றான். எனக்கும் நடக்க ஆசை என்று சொல்லத் துணிவு வர ஒரு வாரம் ஆயிற்று. அவன் உடனே சம்மதித்தான். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடக் கூடாது என்பது ஒன்றே என் கவலை.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். நிரோஜனையும் சேர்த்து ஆறு மாணவர்களும் நானும். டௌப்போவில் காபி குடித்து, ஏறக்குறைய 350 கிலோமீட்டர் ஓடி, ஒன்பதரைக்கு வைஹோஹோனு வாகனத் தரிப்பிடத்தை அடைந்தோம். வேன், பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஆளுக்குத் தொண்ணூறு டாலர். அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் முதல் மலைக்குடில். சாண்ட்விச் சாப்பிட்டு, பதினொன்றரைக்கு ரங்கிப்போ குடிலை நோக்கிக் கிளம்பினோம். பன்னிரண்டரை கிலோமீட்டர், பலகையில் ஐந்து மணி நேரம் என்று இருந்தது. ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும் காலம் அது.

காடு முடிந்ததும் பாலைவனம் தொடங்கியது. செம்பழுப்புக் கற்கள், கறுப்பு மணல், வழியைக் காட்டும் கம்பங்கள். எனக்கு மூச்சு வாங்கியபோதெல்லாம் நின்று கைபேசியில் படம் எடுத்தேன். உட்கார்ந்தால் களைத்துவிட்டதாக நினைப்பார்களே. பிள்ளைகளும் ஒவ்வொரு தடவையும் எனக்காக நின்றார்கள், முதுகுச் சுமையைக்கூட இறக்காமல்.

இரண்டரை மணி இருக்கும். மீனா என்ற பெண் காலை இழுத்து இழுத்து நடப்பதைக் கண்டேன். மதுரையிலிருந்து மாணவர் விசாவில் பிப்ரவரியில்தான் வந்தவள். இரவல் காலணி.

"கால் வலிக்கிறதா, பிள்ளை?"

"பரவாயில்ல சார். நடந்துடுவேன்."

"கொஞ்சம் இருங்களேன்."

"நீங்களே நிக்கிறீங்க. நான் எப்படி சார் உக்கார்றது?"

அப்போதுதான் விளங்கியது. பெரியவர் நிற்கும்போது உட்காரக் கூடாது என்று ஆறு பேரும் நின்றிருக்கிறார்கள். களைப்பைக் காட்டக் கூடாது என்று நானும் நின்றிருக்கிறேன். மூன்று மணி நேரம் ஒருவரும் உட்காரவில்லை.

நான் அந்த இடத்திலேயே மணலில் உட்கார்ந்தேன். "எனக்கு ஏலாது. முதலே ஏலாமல்தான் இருந்தது" என்றேன்.

ஆறு சுமைகளும் தொப்பென்று விழுந்தன.

"ஃபோட்டோவில விருப்பம் எண்டெல்லோ நினைச்சம்," என்றான் நிரோஜன். "ஒரே கல்லை நாலு தரம் எடுத்தீங்கள்."

மீனா காலணியைக் கழற்றினாள். குதிகால் தோல் உரிந்து காலுறை இரத்தமாக இருந்தது. நிரோஜன் முகம் மாறியது. "திரும்புவமா அங்கிள்?" வந்த தூரமும் போக வேண்டிய தூரமும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று வரைபடத்தைப் பார்த்துச் சொன்னேன். என் கணக்கில் எனக்கே நம்பிக்கை இல்லாமல் இன்னொரு தடவையும் அளந்தேன். மீனாவைக் கேட்டோம்.

"மெதுவாப் போனா வந்துடுவேன். சும்மா சொல்லல, நிஜமா."

காயத்துக்குப் பட்டை ஒட்டி, அவள் சுமையை மற்றவர்கள் பிரித்துக்கொண்டார்கள். நிரோஜன் என்னை முன்னால் விட்டான். அரைமணிக்கு ஒரு தடவை நான் உட்கார வேண்டும் என்பது அவன் கட்டளை. உட்கார்ந்து உட்கார்ந்தே போனோம். குடிலின் கூரை தெரிந்தபோது ஐந்தரை. டார்ச் எடுக்கத் தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே வழியில் திரும்பினோம். முதல் மேட்டிலேயே மீனா, "என்னால முடியல" என்று சொல்லிவிட்டு, நான் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு பாறையில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஒரு பிள்ளை எனக்குக் கொடுத்த மரியாதைகளில் இதையே பெரிதாக நினைக்கிறேன்.

போகிறவர்கள் ஆளுக்கு மூன்று லீட்டர் தண்ணீராவது கொண்டு போங்கள். குடில் முன்பதிவையும் வானிலையையும் கிளம்புமுன் பாருங்கள். காற்றுக்கு மேலங்கி கட்டாயம். இரவல் காலணி வேண்டவே வேண்டாம். என் போன்ற கிழவர் யாராவது உடன் வந்தால், களைத்தவர் யாராயிருந்தாலும் முதலில் உட்காரலாம் என்று வேனில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். பாலைவனம் வரை காத்திருக்க வேண்டியதில்லை.