விக்டோரியாவின் ஒரு கிலோ

புதுவாயல் கூட்டுரோட்டில் மெட்ராஸ் வியாபாரி ஒருவர் ஸ்டோர் திறந்த நாளிலிருந்து ஞானம்மா அங்கே ஒரு தடவைகூடக் கூடை எடுத்ததில்லை. வாசலில் கம்பிக் கூடைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். ஆபீசர் வீட்டுப் பெண்கள் ஆளுக்கொன்றை மாட்டிக்கொண்டு உள்ளே போவார்கள். ஞானம்மா வெறுங்கையோடு போவாள். கூடையை எடுத்தால் அது நிறையும்வரை கை சும்மா இருக்காது என்பது அவள் கட்சி. இரண்டு கைக்குள் எவ்வளவு அடங்குமோ அவ்வளவுதான் சாமான்.

அங்கே பேரம் கிடையாது, கொசுறு கிடையாது, நாலணாவுக்குப் பருப்பு கொடு என்று கேட்கவும் முடியாது. எல்லாம் ஒட்டிய பாக்கெட். பஜாரைவிட விலையும் கூடுதல். இரும்பு வார்க்கிற ஃபவுண்டரியில் வேலை செய்கிறவன் பெண்டாட்டிக்கு அந்தக் கடையில் என்ன வேலை என்று கேட்டால், அது எழுபத்து நாலாம் வருஷம். மழை ஏமாற்றிவிட்டது. பஜாரில் அரிசி மூட்டையைக் கண்ணில் காட்ட ஆளில்லை. ரேஷனில் தலைக்கு வாரம் ஒரு கிலோ போட்டார்கள். அது தீர்ந்தால் ஸ்டோர்தான் கதி. ரேஷனில் ஒரு கிலோ வாங்குகிற காசுக்கு அங்கே அரைக் கிலோகூட வராது.

ஞானம்மாவும் அவள் புருஷன் யேசுதாசும் கல்யாணமான புதிதில் அடுத்தவர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். அப்போது கூலி நெல்லாக வரும். அவன் கவரைப்பேட்டை ஃபவுண்டரியில் சேர்ந்து முதல் சம்பளத்தை ரொக்கமாகக் கொண்டுவந்தபோது தெருவே வந்து பார்த்தது. நெல்லுக்கு விலை ஏறினாலும் அதைக் குத்தித் தின்னலாம், ரொக்கத்துக்கு அந்தக் குணம் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. அதற்குள் வயல்வேலைக்குத் திரும்புகிற வழியும் அடைபட்டுப்போயிருந்தது.

வீட்டில் ஆறு பேர். ரேஷன் கார்டிலும் ஆறு பேர். மூத்தவள் விக்டோரியாவை அந்த வருஷம் தை மாதம் கும்மிடிப்பூண்டியில் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டில் ஐந்தாகிவிட்டது. கார்டில் மட்டும் ஆறு அப்படியே நின்றது.

கல்யாணமான பெண்ணின் பேரை அம்மா வீட்டுக் கார்டிலிருந்து எடுத்து, பொன்னேரி தாலுகா ஆபீசில் சீட்டு வாங்கிக் கொடுத்தால்தான் மாமியார் வீட்டுக் கார்டில் சேர்ப்பார்கள். இது ஞானம்மாவுக்குத் தெரியாததில்லை. சம்பந்தியம்மா ஆரோக்கியமேரி கல்யாணப் பந்தலிலேயே ஞாபகப்படுத்தினாள். "நாளைக்கே போறேன்" என்று ஞானம்மாவும் சொன்னாள். மறுநாள் வியாழக்கிழமை, ரேஷன் நாள். ஆறு கிலோ அரிசி பையில் கனத்தது. ஐந்து பேர் ஆறு பேருக்கான அரிசியைத் தின்ற அந்த வாரம் அவள் ஸ்டோர் பக்கமே போகவில்லை. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவளுக்கு நிம்மதியாக மூச்சு வந்தது. பொன்னேரிக்குப் போகிற நாளை அடுத்த வாரத்துக்குத் தள்ளினாள். தள்ளிக்கொண்டே போனாள்.

மாசியில் விக்டோரியா வந்து கேட்டாள். ஆபீசர் லீவில் இருக்கிறார் என்றாள் ஞானம்மா. சித்திரையில் வந்தாள். கார்டு ரேஷன் கடைக்காரரிடம் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றாள். பொய் சொல்லப் பழகாத வாய்தான். ஆனாலும் நன்றாகவே வந்தது.

ஆனியில் வந்தபோது விக்டோரியாவுக்கு நாலு மாதம். தோள் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

"அத்த தினமும் கேட்டுக்கினே கீறாங்கம்மா. உம் பேரு எந்தக் கார்டுல கீதோ அங்க போயி துன்னுன்றாங்க."

"கெய்வி வாய அடக்க மாட்டாளா? உம் புருஷன் இன்னா சொல்றான்?"

"அது இன்னா சொல்லும். கம்முனு கெடக்கும்."

"இந்த ஒரு மாசம் பொறுத்துக்கோடி. பள்ளிக்கூடம் தொறக்குது, பசங்களுக்கு நோட்டு வாங்கணும். அப்புறம் ஊட்டுக்காரர இட்டுக்கினு போயி எடுத்துடறேன்."

விக்டோரியா தலையை ஆட்டினாள். அன்று சாப்பிட்டுவிட்டுப் போ என்று ஞானம்மாவுக்கு வாய்வரை வார்த்தை வந்தது. பானையை எட்டிப் பார்த்தாள். வார்த்தை நின்றுவிட்டது. பெற்ற மகளுக்கு ஒரு பிடி சோறு போடுவதற்கு முன்னால் பானையைப் பார்த்தவள்தான் ஞானம்மா. அதை மறைத்து அவள் கதையைச் சொல்வதில் நியாயம் இல்லை.

ஆடி பிறந்து ஒரு சாயங்காலம். உப்பும் புளியும் வாங்க ஞானம்மா ஸ்டோருக்குள் நின்றிருந்தாள். சோப்பு அடுக்குக்கு அந்தப் பக்கம் பழகிய இருமல் கேட்டது. எட்டிப் பார்த்தாள். விக்டோரியா. புடவையிலும் தலைமுடியிலும் செம்மண் தூள். கூட்டுரோட்டுக்குக் கிட்டத்திலேயே கவரைப்பேட்டைப் பக்கம் சூளையில் பெண்கள் செங்கல் சுமக்கிறார்கள் என்று ஞானம்மா கேள்விப்பட்டிருந்தாள். வயிற்றில் ஐந்து மாதத்தை வைத்துக்கொண்டு தன் மகளும் அங்கேதான் போகிறாள் என்பது அந்த மண்ணைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

விக்டோரியாவும் கூடை எடுத்திருக்கவில்லை. ஒரு கிலோ அரிசிப் பாக்கெட்டை மட்டும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கல்லாவுக்குப் போனாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை வைத்தாள்.

"வாரா வாரம் ஒரு கிலோதானா? பெரிய பாக்கெட்டும் இருக்குதே" என்றார் கல்லாக்காரர்.

"எனக்கு மட்டுந்தாங்க. ஊட்டுல மத்தவங்களுக்கு ரேஷன் கீது" என்றாள் விக்டோரியா.

ஞானம்மா அடுக்குக்குப் பின்னால் இன்னும் ஒடுங்கிக்கொண்டாள். கூப்பிடவில்லை, முன்னால் போய் நிற்கவில்லை. தான் மிச்சம் பிடித்ததாக நினைத்த காசெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துபோயிற்று. புளியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

மறுநாள் புருஷனுக்காகக் காத்திராமல் தனியாகப் பொன்னேரிக்கு ரயிலேறினாள். ஆபீசில் கூட்டம் இல்லை. குமாஸ்தா கார்டை வாங்கி, விக்டோரியா என்ற பேரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்து, சீட்டு எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார். ஒரு வெற்றிலை போட்டு முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இதற்காகவா ஆறு மாதம் என்று அவள் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள்.

அங்கிருந்து நேரே கும்மிடிப்பூண்டி. ஞாயிற்றுக்கிழமையானால் மாதா கோயிலுக்குப் போகிறவள், அன்று சம்பந்தி வீட்டு வாசலில் நிற்கும்போதுதான் மாதாவைக் கூப்பிட்டாள். ஆரோக்கியமேரி தண்ணீர்க் குழாய்க்குப் போயிருந்தாள். சூளையிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்த மகள் மட்டும் இருந்தாள். ஞானம்மா சீட்டை நீட்டினாள். விக்டோரியா அதை வாங்கி, முத்திரையைத் தடவிப் பார்த்தாள். முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

"எடுத்துட்டியாம்மா?"

"நீதானடி கேட்டுக்கினே இருந்தே."

"அவங்க கேக்கச் சொன்னாங்க, கேட்டேன்." சீட்டை மடித்தாள். "உனக்கு எம் பேர எடுக்க மனசு வரல, அதான் நீ சாக்கு சொல்லிக்கினு இழுக்கிறன்னு நெனச்சிக்கினேன். அத்த உன்ன இன்னா இன்னாவோ பேசுவாங்க. எங்கம்மாவுக்கு எம்மேல உசுரு, அதான் எடுக்கலன்னு சொல்லுவேன். கல்லு தூக்கறப்ப அத நெனச்சிக்குவேன். அந்த ஊட்டுல எம் பேரு கீதுன்னு ஒரு தெம்பு."

உண்மையைச் சொல்ல அது ஒன்றுதான் நேரம். மகள் நிமிர்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பிடித்தானம்மா?"

"ஆமாடி கண்ணு" என்றாள் ஞானம்மா. "மனசு வரல."

அவளுக்கு அழுகை பீறிட்டு வந்தது. விக்டோரியா தன் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்தாள். துடைத்த இடத்திலெல்லாம் செம்மண் ஒட்டியது.

"நீ எதுக்கும்மா அய்வுற? உம்மேல எனக்குக் கோவமே இல்ல" என்றாள்.