மரத்தைச் சுற்றி நான் கட்டிய மேடை

அன்று வகுப்பில் நான் ஏன் பொய் சொன்னேன்? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மலேசியாவில், கோத்தா திங்கிக்குப் பக்கத்தில் அப்பா எனக்கு இரண்டு ஏக்கர் நிலம் விட்டுப் போனார். பால் வெட்டாமல் கிடந்த ரப்பர் மரங்களுக்கு நடுவே காட்டு மரங்கள் முளைத்து அது முழுக்கக் காடாகிவிட்டது. ரோட்டோரம் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று. அதன் அடியில் சூலமும் கல்லுமாக முனியாண்டி. அப்பாவின் முதல் திதிக்கு முன்னால் அந்த இடம் நன்றாக இருக்கட்டும் என்று மரத்தைச் சுற்றிச் சிமெண்ட் மேடை கட்டி டைல்ஸ் பதித்தேன். மேடை சமமாக வர, குறுக்கே வந்த வேர்களைக் கொத்தனார் வெட்டினார். நான் பக்கத்தில் நின்று அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

மரங்களைப் பற்றி ஒன்றும் தெரியவில்லையே என்ற பயத்தில், அடுத்த ஆண்டு, புதிதாகக் காடு கிடைத்தவர்களுக்கான இணைய வகுப்பில் சேர்ந்தேன். சனிக்கிழமை காலைகளில் மகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்பேன். மூன்றாம் வாரம் ஆளுக்கொரு மரத்தின் படம் அனுப்பச் சொன்னார்கள். என் படத்தை ஆசிரியர் திரையில் பெரிதாக்கினார். அடிமரத்தை மூடினால் வேர் மூச்சுவிடாது, அழுகும் என்றார். மேடைக்கு மேலே அடுக்கடுக்காக இருந்த காளானைக் காட்டினார். யார் கட்டியது என்று மலாயில் கேட்டார்.

முன்பு இருந்தவர்கள் என்று தட்டச்சு செய்தேன்.

மரம் பார்க்கத் தெரிந்தவரை அழையுங்கள், அதுவரை யாரையும் அருகே விடாதீர்கள் என்றார். அன்றே நானும் கணவரும் மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினோம். வெள்ளிக்கிழமைதோறும் அங்கே விளக்கேற்றும் பக்கத்து வீட்டு அக்கா அதைப் பார்த்துச் சிரித்தார்.

"என்னம்மா, சாமிக்கே ஜெயிலா?"

"மரம் உள்ள அழுகிடுச்சாம்க்கா. வகுப்புல சொன்னாங்க."

"உன் கம்ப்யூட்டர் வாத்தியாருக்கு முனியாண்டியத் தெரியுமா? இருபது வருஷமா ஏத்துறேன், என் மேலயா விழும்? போ லா."

ஏன் அழுகியது என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பார்.

அடுத்த வெள்ளி, காற்றுகூட இல்லாத மாலையில், கிளை முறிந்து விழுந்தது. கயிற்றைத் தாண்டி விளக்கேற்றப் போயிருந்த அக்காவின் இடுப்பெலும்பு உடைந்தது.

மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொந்தத்துல ஒரு சாவு, பதினாறு நாள் முடியலம்மா. எண்ணிப் பாக்காம தீட்டோட போய்ட்டேன். அதான் தட்டிட்டாரு. மரத்த மட்டும் வெட்டிடாத. என் தப்புக்கு சாமி எடமில்லாம நிக்கக்கூடாது."

நான் தலையாட்டினேன்.

மரம் பார்க்க வந்தவர் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றார். ஆட்கள் வரும் நாளும் முடிவாகிவிட்டது. அக்கா வீட்டுக்கு வந்துவிட்டார். இனி கைத்தடி இல்லாமல் நடப்பது கஷ்டம் என்கிறார்கள். அந்த உடம்போடு, செய்யாத தவறுக்காக விரதம் இருக்கிறார்.

"இப்ப சொல்லி அவங்க இடுப்பு சரியாயிடுமா?" என்கிறார் என் கணவர். அவர் சொல்வதும் சரியோ என்று தோன்றுகிறது. சொன்னால் என் மனம் மட்டும்தான் லேசாகுமோ என்றும் பயமாக இருக்கிறது.

ஆனாலும் ஆட்கள் வருவதற்குள் சொல்லிவிட வேண்டும். இப்படி ஒன்றை யாரிடமாவது சொல்ல நேர்ந்தவர்கள் உங்களில் இருந்தால், எப்படி ஆரம்பித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.